கொதிப்பும் கொழுப்பும்

என் அக்கா புருஷனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. அவரிடம் வந்தவர்கள் வண்டி ஓட்டப் பழகினார்களோ இல்லையோ, வசவு வாங்கப் பழகினார்கள். கிளட்சை விடச் சொல்லி அவர் போடும் சத்தத்தில் ஸ்டியரிங்கையே விட்டவர்கள் உண்டு. பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயர் கொதிப்பு. பிறகு டாக்டரும் அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று சொன்னபோது, இதைக் கண்டுபிடிக்கவா ஃபீஸ் என்று அக்கா சிரித்தாள்.

மாத்திரை ஆரம்பித்தார். இதயத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் நிதானப்படுத்துகிற வகை. சில மாதங்களில் வீட்டில் சத்தம் குறைந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் மட்டும் கேட்டார், கூடவே என் குடும்பத்தை இழுக்கவில்லை. அக்கா தினமும் காலையில் தானே மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருந்தது.

"இதுல புதுசா என்ன இருக்கு? உங்களுக்குக் கொழுப்பு கல்யாணத்தன்னைக்கே இருந்துச்சே" என்றாள் அக்கா.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அண்ணன் இதயக் குழாயில் கொழுப்பு அடைத்துத்தான் போனார். கொதிப்பைத் துரத்தப் போன மாத்திரை கொழுப்பைக் கூட்டி வந்துவிட்டதே என்று பயந்துபோனார். பயத்தை வாய்விட்டுச் சொல்கிற ஆளா அவர்? மாத்திரையை வாயில் ஒதுக்கிக்கொண்டு போய் வாசல் தாண்டித் துப்பினார்.

வீட்டில் மறுபடி இடி இறங்கியது. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள்.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கிவிட்டது. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி, மாமா எங்களையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "நல்லாருக்கே" என்றார். பிறகு மாமா கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகம் மாறியது.

"மாத்திரை போடுறீங்களா?"

மாமா ரிப்போர்ட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார். "நிறுத்திட்டேன். அதுதான் கொழுப்பைக் கூட்டுது."

"கொஞ்சம் கூட்டும், உண்மைதான். அதுக்காக நீங்களா நிறுத்துவீங்களா? அந்தக் கொஞ்சக் கொழுப்பைவிட இந்தப் பிரஷர்தான் உங்களுக்கு இப்போ ஆபத்து. என்கிட்ட சொல்லியிருந்தா கொழுப்பை ஏத்தாத வேற மாத்திரைக்கு மாத்தியிருப்பேன்."

"அந்த மாத்திரையிலதான் இவர் கோபமும் அடங்கியிருந்துச்சு டாக்டர்" என்றேன். எனக்கு மாமாமேல் ஆத்திரம்.

"படபடப்பு அடங்கும். கோபத்துக்கு நான் எதுவும் எழுதல. அது அவரோட சொந்தச் சரக்கு."

அதுவரை வாய் திறக்காத அக்கா எழுந்தாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

"உங்க அண்ணன் போனப்பவே எனக்குப் பாதி உயிர் போச்சு. நீங்களும் போனா வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்றது? ஆள்தான் இல்ல, ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்குன்னு காட்டவா?"

வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு நின்றுவிட்டது. டாக்டரம்மா அக்காவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு அடங்கியபின் அவள் கையில் பட்டையைச் சுற்றினார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் பார்த்தார். இரண்டு முறையும் மாமாவுடையதைவிட அதிகம். இத்தனை வருஷத்தில் அக்காவுக்குப் பிரஷரை யாரும் பார்த்ததே இல்லை.

மாமா, வகுப்பில் யாரும் கேட்டிராத குரலில் சொன்னார்.

"முதல்ல இவளுக்கு எழுதுங்க டாக்டர். கொழுப்பு ஏத்தாததா."