ஆலாத்திட்டில் எலி பிடித்த காலம்

1. எலிப் பிரிவு

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் ஓர் எலியைத் தந்தார்கள். செத்த எலிதான். வாலையும் உடலையும் அளந்து எந்த இனம் என்று சொல்லவேண்டும். விலங்கியல் படித்துவிட்டு வந்த எனக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் மாலையில் கொக்குவில் வீட்டுக்குப் போனதும், "என்ன வேலை தந்தவை?" என்று அம்மா கேட்டபோது, "எழுத்து வேலைதான்" என்று சொல்லி வைத்தேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், பயிரை அழிக்கும் பூச்சியையும் எலியையும் கவனிக்கும் பீடைப் பிரிவு அதுவரை வெங்காயத் தோட்டங்களிலும் வயல்களிலும்தான் எலியைத் தேடியது. எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் சேர் என்றே அழைப்போம்.

"ராஜேஸ், கடலிலை போகப் பயமோ?"

"இல்லை, சேர்."

"அப்ப நாளைக்குக் குருநகர் இறங்குதுறைக்கு வாரும்."

வள்ளத்தில் போகும்போது விடயத்தைச் சொன்னார். கரையிலிருந்து தள்ளி ஒரு மணல்திட்டு இருக்கிறது. ஆலாப் பறவைகள் கூடு கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டையிடும் இடம். சில பருவங்களாக அங்கே உடைந்த முட்டைக் கோதுகளைத்தான் அவர் கண்டிருக்கிறார். ஒரு குஞ்சையும் காணவில்லை.

திட்டின் ஒரு முனையில் மீனவர்கள் பருவத்துக்கு வந்து தங்கும் கொட்டில்கள் இருந்தன. வாடி என்பார்கள். அந்த வாடியும் வள்ளங்களும் யோசேப்புச் சம்மாட்டியுடையவை. நாங்கள் இறங்கி வாய் திறக்குமுன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"மீன் எங்கை நிக்குதெண்டு ஆலாவைப் பாத்துத்தான் நாங்கள் வலை விடுறது. அதின்ரை முட்டையிலை எங்கடை ஆக்கள் கை வைக்க மாட்டினம்."

"உங்களை ஆரும் சொல்லேல்லை," என்றார் சேர். "எலி இருக்கோ எண்டு பாக்க வந்தனாங்கள்."

"எலியோ? சுத்திவரக் கடல். நீந்தியே வாறது?"

வாடியில் சமைத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி பிலோமினாக்கா எழுந்து வந்தார். "எலியை விடுங்கோ. இஞ்சை கள்ளன் இருக்கிறான். அந்தோனியாருக்கு நான் கொளுத்திற மெழுகுதிரியை நெடுகலும் ஆரோ எடுக்கினம்," என்று சொல்லிக் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

பக்கத்தில்தான் அந்தோனியாரின் சின்னக் கோயில். சுருவம் என்று நாங்கள் சொல்லும் சிலையின் காலடியில் கிடந்த மெழுகுதிரிக் கட்டையை எடுத்துப் பார்த்தேன். நகத்தால் கீறியதுபோல இரண்டிரண்டாகக் கோடுகள்.

"அக்கா, உங்கடை கள்ளனுக்கு முன்பல்லு மட்டுந்தான் வேலை செய்யுது," என்று கட்டையைக் காட்டினேன். "இது எலி கடிச்ச அடையாளம்."

சம்மாட்டி கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் நான்தான் எடுத்துச் சிகரெட் பத்தினதெண்டு பேச்சு வாங்கினனான்," என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் கட்சி.

2. நண்டுகள்

"நஞ்சு வையுங்கோவன். கெதியா முடியும்," என்றார் சம்மாட்டி.

"நஞ்சை நண்டு தின்னும். நண்டைத் திண்ட பறவையும் சாகும். உங்கடை கருவாடும் உந்த மணலிலைதானே காயுது, அண்ணை?" என்றேன் நான்.

"அப்ப வேண்டாம், வேண்டாம்."

ஆகவே கம்பிக் கூடுகள் வைத்தோம். இரை, சுட்ட தேங்காய்ச் சொட்டு; சிறு துண்டுகளாக வெட்டியது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எல்லாக் கூடுகளும் மூடியிருந்தன. சேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குனிந்து பார்த்தோம். எலி ஒன்றுகூட இல்லை. வெறும் சங்கு ஓட்டுக்குள் உடலை ஒளித்துத் திரியும் சிறு நண்டுகள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு தேங்காயைத் தின்றுகொண்டிருந்தன. வாடியில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரம் சென்றது. இரையை மாற்றினோம், இடத்தை மாற்றினோம். நண்டுகள் விடவில்லை. ஆலாக்கள் முட்டையிடும் பருவமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வாடிக்குப் பின்னால் கிடந்த வெறும் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் சுரண்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். உள்ளே விழுந்த நண்டொன்று ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. வழுவழுப்பான தகரத்தில் அதன் கால் பிடிக்கவில்லை. எலியென்றால் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்திருக்கும்.

தகரங்களைத் திட்டு முழுவதும் கவிழ்த்து வைத்து, அவற்றின் மேல் கூடுகளைக் கட்டினோம். மறுநாள் கூடுகளில் எலிகள் இருந்தன. கீழே நண்டுகள் தகரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. சேர் அன்று தன் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்த பொரித்த மீனை எனக்குத் தந்தார். அவர் யாருக்கும் மீன் கொடுத்து நான் கண்டதில்லை.

சித்திரை பிறக்குமுன் கூடுகள் வெறுமையாகின. தேங்காய்ச் சொட்டு வைத்த இடத்திலேயே காய்ந்து கிடந்தது. பிறகு ஆலாக்கள் வந்து முட்டையிட்டன.

3. திருநாள்

முட்டை பொரித்துக் குஞ்சுகள் மணலில் ஓடத் தொடங்கிய நேரத்தில்தான் எனக்கு ஆனி மாதத்து அந்தோனியார் திருநாளின் நினைவு வந்தது. கரையிலிருந்து வள்ளம் வள்ளமாகச் சனம் வரும். அரிசி மூட்டை, பந்தலுக்குத் தென்னோலைக் கிடுகு, பாண்ட் வாத்தியம் எல்லாம் வரும். அவற்றோடு ஒரு சினை எலி வந்தாலே போதும்.

வள்ளத்தில் ஏற்றுமுன் குருநகர் இறங்குதுறையிலேயே மூட்டைகளை அவிழ்த்துப் பார்க்கவேண்டும் என்று சம்மாட்டியிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எங்களைக் கள்ளர் எண்டே நினைக்கிறியள் எண்டு சனம் கேக்கும், பிள்ளை."

"கேட்டால் என்ன சொல்லுவம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முதல் என்ரை சாமானை அவிழ்ப்பம். சம்மாட்டியின்ரையே அவிழ்த்தாச்செண்டால் மற்றவை என்ன சொல்லுறது? என்ரை சாமான் துப்புரவு. நீர் பயப்பிடாதையும்."

திருநாளன்று காலை இறங்குதுறை நிறையச் சனம். சம்மாட்டி வெள்ளை வேட்டியோடு ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று விடயத்தைச் சொன்னார். சனம் முணுமுணுத்தது. "இவர் என்ன, சுங்க அதிகாரியோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சம்மாட்டி சளைக்கவில்லை. தன் வள்ளத்தில் ஏற்ற வைத்திருந்த கிடுகுக் கட்டொன்றை எல்லோரும் பார்க்க நடுவில் போட்டுக் கயிற்றை அறுத்தார்.

உள்ளேயிருந்து கொழுத்த எலியொன்று பாய்ந்தது. சம்மாட்டியின் பாதத்தின்மேல் ஏறி, பாண்ட்காரரின் கால்களுக்கிடையே புகுந்து, மீன் சந்தைப் பக்கமாக ஓடி மறைந்தது. பெரிய மேளக்காரர் மேளத்தோடு துள்ளினார். பிலோமினாக்கா சிரித்துச் சிரித்து மூட்டையொன்றின்மேல் இருந்துவிட்டார். சம்மாட்டி அறுத்த கயிற்றைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருந்தது.

கடைசியில் அவரே சொன்னார்: "கண்டியளே? என்ரையிலையே இருக்கெண்டால் உங்கடையிலை எவ்வளவு இருக்கும்?"

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பூசைக்கு வந்த சுவாமியார் தன் பையைத் தானே கவிழ்த்துக் காட்டினார். மேளக்காரர் மேளத்தைத் தட்டிப் பார்த்தார். வேறு எலி அகப்படவில்லை. சில நாட்களின்பின் நானும் சேரும் திட்டுக்குப் போனபோது, குஞ்சுகள் காற்றில் எழும்பி விழுந்து, மறுபடி எழும்பிப் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. சேர் தொலைநோக்கியை என்னிடம் தரவேயில்லை.

அடுத்த மாதம் இனக் கலவரத்தில் நாடு கலங்கியது. பிறகு கடலுக்குப் போகத் தடைகள் வந்தன. எங்களால் திட்டுக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஒருநாள் சம்மாட்டி சைக்கிளில் எங்கள் நிலையத்துக்கு வந்தார்.

"தடை கொஞ்சம் விட்ட நேரம் ஒருக்காப் போட்டு வந்தனான். ஆலா நிக்குது, குஞ்சும் நிக்குது. சாமான் எல்லாம் கரையிலையே அவிழ்த்துப் பாத்துத்தான் ஏத்தினது."

"நாங்கள் ஒருத்தரும் இல்லையே, அண்ணை?"

"நீங்கள் எதுக்கு? ஆலா எங்கடையெல்லே."

பீடைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூடு வைக்க யாரும் பழகிக்கொள்ளலாம். நீங்கள் நிற்காத நாளிலும் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிற ஒருவர் அந்த இடத்தில் கிடைக்கும்வரை, வேலை முடிந்தது என்று மேலிடத்துக்கு எழுதாதீர்கள்.