குசுமாவதி எழுதிக் கொடுத்த சான்று

1989 டிசம்பர். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி மூன்று மாதம்கூட முடியவில்லை. ஊரில் நீச்சல் குளம் என்று ஒன்று கிடையாது. அதனால் கல்லூரிப் பெண்களுக்கான நீச்சல் தேர்வை ரைஸ் மில் ஆதிமூலத்தின் நிலத்தில் இருந்த பெரிய சதுரக் கிணற்றில் நடத்தினார்கள். சுவருக்குச் சுவர் இருபது மீட்டர். ஐந்து தடவை குறுக்கே நீந்தினால் நூறு மீட்டர் கணக்கு. முதலில் வரும் ஒருத்தி மட்டும் மெட்ராஸுக்குப் போவாள், பல்கலைக்கழகப் போட்டிக்கு.

அன்று தண்ணீரில் இறங்கியது நான்கு பேர். அவர்களில் குசுமாவதி அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிர் வைக்கும் சக்கரவர்த்தி நயினாரின் மகள். ஆறு வயதிலிருந்து அண்ணன் தன்யகுமாரோடு போட்டி போட்டுக்கொண்டு கிணற்றில் குதித்தவள். அவள் கடைசிச் சுவரைத் தொட்டு, படியேறி, சடையைப் பிழிந்துகொண்டிருந்தபோது ஆதிமூலத்தின் மகள் இன்னும் நடுக்கிணற்றில் இருந்தாள்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் முதல் பெயர் ஆதிமூலத்தின் மகளுடையது. குசுமாவதி இரண்டாவது.

அவள் நேராக உடற்கல்வி இயக்குநர் இராமலிங்கத்தின் அறைக்குப் போனாள்.

"சார், நான்தானே சார் மொதல்ல வந்தேன்? எல்லாரும் பாத்தாங்களே."

"யாரு பாத்தாங்க? இட்டுக்கினு வா."

கூட நீந்திய இரண்டு பேரையும் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவள், "அவங்க கெணறுடி. நம்ம இன்னா பண்ண முடியும்?" என்றாள். தனியாகத் திரும்பி வந்து நின்றவளைப் பார்த்து இராமலிங்கம் சிரித்தார்.

"ஸ்டாப் வாட்ச் என் கையில இருந்துச்சா, உன் கையில இருந்துச்சா? கெணத்துல குதிச்சு வெளையாடுற பொண்ணுக்கு மெட்ராஸ் எதுக்கு? போய் படிக்கிற வழியப் பாரு."

அவள் அழவில்லை. மலையைச் சுற்றிச் செல்லும் சாலையில் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தாள். அந்த நாலு மைலில் அவளுக்குள் ஒன்று தீர்மானமாகிவிட்டது. இந்த ஆளை விடக் கூடாது. எப்படி, எப்போது என்றெல்லாம் தெரியவில்லை. விடக் கூடாது, அவ்வளவுதான்.

மெட்ராஸில் ஆதிமூலத்தின் மகள் கடைசியாக வந்தாள். அடுத்த வருஷம் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் தண்ணீரில் கால் வைத்ததாகவே தகவல் இல்லை. தன் இடம் இப்படி வீணாய்ப் போனதைத்தான் குசுமாவதியால் தாங்க முடியவில்லை. நன்றாக நீந்தத் தெரிந்த ஒருத்திக்குக் கொடுத்திருந்தாலாவது ஆறியிருக்கும்.

அதற்குள் இராமலிங்கம் புது மாவட்டத்து நீச்சல் சங்கத்துக்குச் செயலாளராகிவிட்டார். மாநிலப் போட்டிக்கான விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். இரண்டு முறை கொண்டுபோனாள். ஒரு முறை பேனா இல்லை என்றார். மறுமுறை தேதி முடிந்துவிட்டது என்றார்.

அப்போது தன்யகுமாருக்கு வேலூரில் மருந்துக் கம்பெனி வேலை. அவன் விசாரித்து அங்கேயே ஒரு நீச்சல் கிளப்பில் தங்கையின் பெயரைப் பதிந்தான். சனி, ஞாயிறுகளில் விடியற்காலை பஸ் ஏறுவாள். அங்கே பயிற்சி கொடுத்த வேணு முதல் நாளே அவளுடைய மார்பு நீச்சலைப் பார்த்துவிட்டு, "கால் நல்லா இருக்கு. திரும்புறதுதான் மோசம். சுவர ஒதைக்கணும், தடவிக் குடுக்கக் கூடாது" என்றார். அன்றிலிருந்து சுவர் வரும்போதெல்லாம் இராமலிங்கத்தின் முகத்தை அங்கே வைத்து உதைத்தாள். இரண்டே மாதத்தில் நான்கு விநாடி குறைந்தது. வேணு அதிசயப்பட்டார். அவள் காரணம் சொல்லவில்லை.

சமணக் குடும்பம் என்பதால் இருட்டிய பிறகு சாப்பிடுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டியதும் வெளிச்சம் இருக்கும்போதே புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவாள். பௌர்ணமி என்றால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். தோளில் ஈரத்துணிப் பையோடு கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தே வீட்டுக்குப் போவாள்.

1992-இல் வேலூர் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரில் நீந்தி மாநிலத்தில் முதலாவதாக வந்தாள். மறுவருஷம் தேசியப் போட்டியில் மூன்றாவது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் கிளார்க் வேலை கிடைத்து மெட்ராஸுக்குப் போனாள். 1995-இல் தேசியத்தில் முதலிடம். அடுத்த வருஷம் கொழும்பில் ஐந்து நாடுகள் கலந்துகொண்ட போட்டி ஒன்றில் நூறு மீட்டரில் வெள்ளி, இருநூறில் தங்கம். தேசிய கீதம் ஒலித்தபோது பக்கத்தில் நின்ற பெண்கள் கண் கலங்கினார்கள். அவள், நாளைக் காலை பேப்பரில் இந்தப் படம் வரும், அதை இராமலிங்கம் டீக்கடையில் பார்ப்பார், குடித்த டீ அவருக்குத் தொண்டையில் இறங்காது என்று எண்ணி மனம் நிறைந்துபோய் நின்றாள்.

ஆனால் டீ அவருக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. தன்யகுமார் அனுப்பிய பேப்பர்த் துண்டில் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: "கிணற்றில் நீந்திக்கொண்டிருந்த இவரைக் கண்டெடுத்து வளர்த்தவர் உடற்கல்வி இயக்குநர் இராமலிங்கம்."

"மறுப்பு எழுதிப் போடு" என்று அண்ணன் போனில் கத்தினான்.

"வேணாம்ணா. அந்த ஆளு இன்னும் கொஞ்சம் மேல ஏறட்டும்."

ஏறினார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் அவளைத் தன் மாணவி என்று சொன்னார். பொன்னாடை வாங்கிக்கொண்டார். 1997 ஜூலையில் ஒருநாள் மதியம், கையில் ஸ்வீட் டப்பாவோடு அவளுடைய அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தார். முடி நரைத்திருந்தது. குரலும் மாறியிருந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? ஊருக்கே பெருமை தேடிக் குடுத்துட்டீங்க."

"உக்காருங்க சார்" என்று நாற்காலியைக் காட்டினாள். காபி வரவழைத்தாள்.

விஷயம் இதுதான். ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளருக்கு விருது கொடுக்கிறது. அவர் பெயர் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டது. சர்வதேசப் பதக்கம் வாங்கிய ஒரு மாணவி கைப்பட எழுதிய சான்று வேண்டும்; அதை மாணவியே உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும் என்பது விதி.

"நாலு வரி போதும்மா. நான் உங்களுக்கு இன்னா செஞ்சேன்னு எழுதுனா போதும்."

"இன்னா செஞ்சீங்களோ அத அப்படியே எழுதட்டுமா சார்?"

"அப்படியே எழுதுங்கம்மா. ஜாஸ்தி வேணாம்."

அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதினாள். கிணற்றுத் தேர்வின் தேதி, கூட நீந்திய மூவரின் பெயர், நோட்டீஸ் போர்டில் வந்த வரிசை, இரண்டு முறை கையெழுத்து மறுத்தது, வேலூர் கிளப்பின் விலாசம், வேணுவின் போன் நம்பர். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. "மேற்கண்டவற்றைத் தவிர இவரிடம் நான் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை" என்று முடித்து, கையெழுத்துப் போட்டு, அலுவலகப் பசையால் உறையை ஒட்டினாள். பசை காயட்டும் என்று மின்விசிறிக்குக் கீழே வைத்தாள். அதுவரை அவர் தன் மகன் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிம்மா" என்று இரண்டு கையாலும் உறையை வாங்கிக்கொண்டார்.

அவர் படியிறங்கிப் போவதை ஜன்னல் வழியாகக் கடைசி வரை பார்த்தாள். எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அறக்கட்டளைக்காரர்கள் வேணுவுக்குப் போன் செய்தார்கள். அன்று சாட்சி சொல்ல வராத இரண்டு பெண்களில் ஒருத்தி இப்போது பள்ளி ஆசிரியை. அவளும் எழுதிக் கொடுத்தாள். விருது போயிற்று. நீச்சல் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் செயலாளர் பதவியும் போயிற்று. ஊரில் விஷயம் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவளிடம் சக்கரவர்த்தி நயினார் பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுச் சொன்னார். "மனசுல பகை வச்சிக்கினா வினை சேரும்மா. நம்ம தர்மத்துல அது இல்ல. அந்த ஆளு பொண்டாட்டி பாஞ்சாலை கோயில் வாசல்ல என்னப் பாத்து அழுவுது."

"அந்தம்மாவுக்காக வருத்தப்படுறேன்பா. அவருக்காக இல்ல."

"வினை சேந்தா?"

"நான் அனுபவிச்சிக்கிறேன்பா."



அதன்பின் அவளுடைய நீச்சல் நேரம் குறையவே இல்லை. 1998 தேசியப் போட்டியில் ஐந்தாவதாக வந்தாள். கால் பழைய கால்தான், பயிற்சியிலும் குறைவில்லை. சுவரை நெருங்கும்போது அங்கே வெறும் ஓடுதான் தெரிந்தது. ஒரு வருஷம் பார்த்தாள். பிறகு போட்டியிலிருந்து விலகிவிட்டாள். கல்யாணம் செய்துகொண்டாள். அலுவலகத்தில் பதவி உயர்வும் வந்தது.

2003-இல் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இராமலிங்கத்தைக் கண்டாள். வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அவரும் அவளைப் பார்த்துவிட்டார். பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

சென்னை பஸ் புறப்படத் தயாராக இருந்தது. கண்டக்டர் கூப்பிட்டார். "அடுத்த பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ் ஏற இராமலிங்கம் தூணை விட்டு வெளியே வந்தே ஆக வேண்டிய இடத்தில் பையைக் கீழே வைத்து நின்றுகொண்டாள்.