ஜரிகை பார்க்கப் போய் எழுதிய பரீட்சை

சர்க்கார் புக்கீப்பிங் பரீட்சையை மூன்றாம் முறை எழுதப் போனபோது வீட்டில் என் மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. முதல் இரண்டு தடவை தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் போனேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, நைனா ரயிலடி வரைக்கும் கூட வந்து ஒரே அமர்க்களம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு தடவையும் முடிவு வெளியான கெஜட்டில் என் நம்பர் இல்லை. தேங்காய் தின்றவர்களெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

நைனா கோபிக்கவில்லை. "போதும்பா. தறி இருக்குது, கை இருக்குது," என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் நன்றாகவே நெய்வேன். தறிக்குழியில் இறங்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் தோற்றவனாக அதில் இறங்க மனம் ஒப்பவில்லை. இந்தத் தடவையும் போய்விட்டால் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஜரிகை பார்த்து வருகிறேன் என்று பொய் சொல்லிச் சென்னைப்பட்டணம் போனேன். இரண்டு நாள் எழுதிவிட்டு வந்து, நல்ல ஜரிகை வரவில்லை என்று இன்னொரு பொய் சொன்னேன். நைனா தலையாட்டினார்.

கெஜட் வந்த காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். மூன்று சேலைக்கான பட்டிழைகளைத் தெருவில் நீளமாக இழுத்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுற்றியாக வேண்டும். ஒரு முனைக் கழியை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன், மறுமுனையில் நைனா. நடுவில் என் மனைவியும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் அறுந்த இழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கஞ்சி ஈரத்தில் பாவு தளர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாமியே எதிரில் வந்தாலும் கழியை விடக்கூடாது.

வந்தது என்னோடு பரீட்சை எழுதிய சிநேகிதன். சின்ன காஞ்சிபுரத்து வாசகசாலையில் கெஜட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஓடி வந்திருக்கிறான். விஷயம் ரகசியம் என்பதால் என் காதருகே வந்து மெல்லச் சொன்னான்.

"உன் நம்பர் இருக்குடா. ரெண்டு தரம் பாத்துட்டேன்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கழியை வைத்துக்கொண்டு எங்கே குதிப்பது? கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கையில்லை. என் முகத்தைப் பார்த்தே மனைவி புரிந்துகொண்டாள். அவள் சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா போய் நைனாவிடம் சொன்னார். பொய், ரயில், பரீட்சை எல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். பாவு தளர்கிறது, இறுக்கிப் பிடிக்கச் சொல் என்று சித்தப்பா வழியாகவே பதில் அனுப்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டணத்துப் பிள்ளைகளே தடுக்கி விழுந்த பரீட்சை, ஒரு சிரிப்புக்குக்கூடவா வழியில்லை?

பாவு காய்ந்ததும் நைனா தன் முனையிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். சுற்றச் சுற்ற என் பக்கம் நெருங்கி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் இழையைத் தடவிப் பார்த்து, வழக்கம்போல நிதானமாக. அவ்வளவு நீளமான பாவை அதற்கு முன்னும் பின்னும் நான் பிடித்ததில்லை. கடைசியில் ஒரு முழ தூரத்தில் வந்து நின்று, தன் துண்டால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"சொல்லிட்டுப் போன ரெண்டு தபாவும் போச்சு. சொல்லாம போனே, பாஸ் பண்ணிட்டே. மேல இன்னொரு பரீட்சை இருக்குதாமே. எழுது. எப்போன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வரை, எழுத்துக்கூட்டத் தெரியாத நைனா என் நம்பரை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் நல்ல பிள்ளையாகப் பின்னால் நடந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை இப்போது ஒளிப்பானேன்?

அடுத்த வருஷம் மேல்பரீட்சைக்குக் கிளம்பினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. விடிந்ததும் பையோடு வாசலுக்கு வந்தால், நைனா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஜரிகை பாக்கவா?"

ஆமாம் என்றேன். பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ரயிலடி வரைக்கும் கூடவே வந்தார், பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.