அழுத்தி எழுதிய பக்கங்கள்

நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் மைக்கூடு. முகத்துக்கு நேராக யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் சோதனைக்குத் தண்ணீர் பிடித்து வரும் வேன் டிரைவர் ஒருநாள் ஃபோனில், "மைக்கூடு சீட்ல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, எடுத்தது யார் என்று தெரிந்து அசடு வழிந்தார். "இருக்காங்க, சொல்லுங்க" என்றார் மைக்கூடு. பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அவரிடம் இருப்பது மூன்றே மைப்பேனாக்கள். மூன்றும் கடையில் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டு விற்கும் மலிவு ரகம். ஒன்று மெல்லிசாக எழுதும், ஒன்று பட்டையாக எழுதும், மூன்றாவது அதன் இஷ்டத்துக்கு எழுதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றையும் பிரித்துக் கழுவி, பழைய துணியில் தலைகீழாக நிறுத்துவார். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். அது சோதனைக்கூடத்திலிருந்து மாதம் அரை லிட்டர் வீட்டுக்கு வருகிறது. அவர் தன் உத்தியோக வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு அதுதான். விலை உயர்ந்த பேனாவை வெல்வெட் பெட்டியில் வைத்து மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "எழுதாத பேனாவும் குடிக்காத தண்ணியும் ஒண்ணுதான், பாசி பிடிச்சுப் போகும்" என்பார்.

வேலையில் அவர் எழுதுவது பால்பாயிண்டில். முன்னொரு காலத்தில் தண்ணீர்க் குடுவை சாய்ந்து, பதிவேட்டில் ஒரு வாரத்து அளவுகள் முழுக்க ஊதா வெள்ளமாகிப் போனது. கழுவினால் போய்விடும் மையில் எழுதியிருந்தவர் இவர்தான். அன்றைக்கு மேலதிகாரி மைப்பேனாவுக்குத் தடை போட்டார். தப்பு தன்னுடையது என்பதால் இவரும் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு மைப்பேனா என்றால் படித்த புத்தகத்தைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் என்றாகிவிட்டது.

மாதம் ஒரு புத்தகம், அதற்கு ஒரு பக்கம். ஒன்றரைப் பக்கம் எழுதினால் தனக்கே தன் பேச்சு அலுத்துவிடும் என்பார். அந்த வருஷம் படித்ததில் ஒன்று, படகுத்துறை நடத்தும் ஒரு குடும்பத்தைப் பற்றிய தலையணை நாவல். இன்னொன்று, சரக்குக் கப்பலில் முப்பது வருஷம் சமைத்தவரின் நினைவுக் குறிப்பு. கப்பல்காரர் வளவளவென்று எழுதுகிறார், பாதியை வெட்டியிருக்கலாம் என்று ஒரு பக்கத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீர்ப்புச் சொல்வதில் அவருக்கு ஈடு அவரேதான்.

இந்தத் தீர்ப்புகளைக் கேட்க உலகத்தில் இருந்தது ஒரே ஆள், தம்பி. ரயிலில் ஏழு மணி நேரத் தூரத்தில் இருந்தான். மைக்கூடு கல்யாணம் செய்துகொள்ளவில்லை; அம்மா அப்பா போய்விட்டார்கள். புத்தகத்தோடு ஒரு நோட்டும் பார்சலில் அவனிடம் போகும். அவனும் படித்துவிட்டு, அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதி, புத்தகத்தோடு திருப்பி அனுப்புவான். இப்படியே எட்டு நோட்டு நிறைந்து ஒன்பதாவது ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் புத்தகத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, அதுவாக அமைந்தது.

அமைந்ததற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மைக்கூடு தம்பி வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி சூடான பால் பாத்திரத்தை ஒரு புத்தகத்தால் மூடி வைத்திருந்தாள். அட்டையில் வட்டமாக ஈரத் தடம். தம்பி மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்பவள்; அன்றைக்கு முன்னறையில் அளவு கொடுக்க வந்த பெண்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "புத்தகம்னா என்னன்னு உனக்கு எங்க தெரியப் போகுது?" என்று மைக்கூடு கேட்டுவிட்டார்.  தம்பி மனைவி தடம் விழுந்த புத்தகத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். மைக்கூடு அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். நூற்றுச் சொச்சம் மாதங்கள் அப்படிப் போயின.

கடந்த ஒன்றரை வருஷமாகத் தம்பியின் எழுத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் அவன் எழுதுவது ஆய்வாளர் அறிக்கை மாதிரி இருக்கும்: தொடக்கம் மெதுவு, நடு பரவாயில்லை, முடிவு அவசரம். இப்போது அப்படியில்லை. படகுத்துறை நாவலைப் பற்றி அவன் எழுதியிருந்தது இது: "வெள்ளம் வருவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரி ஆறு தட்டு எடுத்து வைக்கிறாள். வெள்ளம் வடிந்த பிறகு ஐந்து. எழுதியவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். சின்ன மகன் வீட்டை விட்டுப் போனது எட்டுப் பக்கம் தாண்டித்தான் நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அவளுக்கு அப்போதே தெரியும்."

மைக்கூட்டுக்குப் பொறாமையாக இருந்தது. தட்டுகளை அவர் எண்ணவில்லை. ஒரு நாள் முழுக்கப் பொறாமைப்பட்டுவிட்டு, மறுநாள் பட்டைப் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார்: "இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நீ படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய். இதற்கு முன் எழுதியதெல்லாம் கணக்கில் சேராது." பாராட்டுவதிலும் ஒரு குட்டு வைக்காவிட்டால் அவருக்குத் திருப்தி வராது.

மாறியது கருத்து மட்டுமல்ல, கோடும் மாறியிருந்தது. எழுத்து தம்பியுடையதுதான், அதே வட்டம், அதே சாய்வு. ஆனால் நீளமான கோடு வரும் இடமெல்லாம் நடுவில் மை இல்லாமல் இரட்டைக் கோடாகப் பிளந்திருந்தது. தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து பின்பக்கம் புடைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் எழுதியவன் எப்படி இருக்கிறான் என்று யோசித்திருப்பார்கள். மைக்கூடு பேனா எப்படி இருக்கிறது என்று யோசித்தார். கீழே போட்டு நிப்பை விரிய விட்டிருப்பான், புதுசு வாங்கச் சோம்பல்பட்டு அழுத்தி அழுத்தி எழுதுகிறான் என்று முடிவு கட்டினார். தன்னுடைய மெல்லிசுப் பேனாவையே கழுவித் துடைத்து, பஞ்சு சுற்றி, அடுத்த பார்சலில் வைத்து அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: "பேனாவின் எடையே போதும். நீ சும்மா பிடித்துக்கொண்டால் அது எழுதும்."

ஆறு வாரம் கழித்துப் பார்சல் திரும்பியது. பேனாவும் அதில் இருந்தது. நிப்பின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணிக்கொண்டிருந்தன. நோட்டில் அதே எழுத்தில் ஒரே வரி: "பேனா உடைந்துவிட்டது, மன்னிக்க வேண்டும்."

மன்னிக்க வேண்டும்! அக்காவிடம் தம்பி எழுதுகிற பேச்சா இது? நிப்பை எடுத்துப்போய்ச் சோதனைக்கூடத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். தவறி விழுந்த நிப்பு நுனியில் மடங்கும். இது விழுந்ததல்ல, அழுத்தி முறித்தது. ஆறாம் வகுப்பிலிருந்து மைப்பேனா பிடித்த கை இப்படி அழுத்தாது. அப்படியென்றால் கைக்கு என்னவோ ஆகிவிட்டது. பக்கவாதமாக இருக்கும், விரல் சொன்னபடி கேட்காமல் மல்லுக்கட்டி எழுதுகிறான் என்று தோன்றியது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஃபோன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்பான், அதற்கு மேல் ஒன்றும் பெயராது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.

கதவைத் திறந்தது தம்பி மனைவி. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் ஒரு குண்டூசி. ஊசியை எடுத்து நாடாவில் குத்திக்கொண்டு, போன வாரம் வந்துபோனவரைப் பார்ப்பதுபோல "வாங்க அண்ணி" என்றாள்.

செருப்பைக் கழற்றும் முன்பே மைக்கூடு கேட்டார்: "அவன் கை எப்படி இருக்கு?"

"கையா? கைக்கு என்ன?"

தம்பி உள்ளறையில் தரையில் உட்கார்ந்து, ஒரு பெரிய டப்பாவிலிருந்து சட்டைப் பட்டன்களை எடுத்து நாலு கிண்ணங்களில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். விரல்கள் சீட்டுக்கட்டு பிரிக்கிற வேகத்தில் ஓடின. கைக்கு ஒரு குறையும் இல்லை. மைக்கூட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் நிலையில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அவனும் நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்தான். "யாரு?" என்று கேட்டான்.

"நான்தான்டா" என்றார் மைக்கூடு.

"அக்காவா?" பட்டன் சிதற எழுந்து நின்றான். "ரெண்டு வருஷம் ஆகப் போகுதுக்கா. கண்ணு நரம்பு போயிடுச்சுன்னாங்க. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஆபரேஷன்லாம் பலிக்காதாம். நான்தான் உனக்குச் சொல்ல வேணாம்னேன்."

மைக்கூடு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது, அழுதார். தம்பி மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாகத் தண்ணீரை முகர்ந்து பார்க்காமல் குடித்தார்.

"அப்ப நோட்டுல எழுதினது?"

"நான் படிச்சுக் காட்டுவேன் அண்ணி. மொதல்ல அவரு சொல்லச் சொல்ல எழுதினேன், மூணு புத்தகத்துக்கு. அப்புறம் நீயே எதையாவது எழுதி அனுப்பிடுன்னுட்டாரு. அவரு எழுத்து மாதிரியே எழுதிட்டேன். மாதிரி பாத்து வரையறதுதானே என் பொழப்பே. துணியில கோடு போட்டுப் போட்டு அழுத்தின கை, அதான் உங்க பேனா தாங்கல."

"தட்டு எண்ணினது?"

"நான்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அனுப்புறத நிறுத்திடுவீங்க." குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தையலுக்கு எத்தனை நாள் ஆகும் என்று சொல்கிற குரல். "எனக்கு அடுத்த புத்தகம் வேணும்ல?"

மைக்கூட்டுக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றரை வருஷமாக யாருடன் பேச அவருடைய மனம் தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்ததோ, அந்த ஆள் இதோ கழுத்தில் நாடாவோடு நிற்கிறாள். "அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்க. பால மூடினது நான்தானே. ஆனா கப்பல் சமையல்காரரப் பத்தி நீங்க எழுதினது சரியில்ல அண்ணி. வளவளன்னு இல்ல அது. அந்த மனுஷன் முப்பது வருஷமா யார்கிட்டயும் பேசல. உங்க தம்பி பேருல எழுதறேனேன்னு அதையெல்லாம் விட்டுட்டேன்." அதற்குள் முன்னறையில் யாரோ துணி வாங்க வந்து கூப்பிட, போய்விட்டாள்.

அக்காவும் தம்பியும் தனியாக இருந்தார்கள். மைக்கூட்டுக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது.

"நான் எழுதினத எல்லாம் உனக்குப் படிச்சுக் காட்டுவாளா?"

"ஒரு எழுத்து விடாம."

"இப்பத்தான் நீ படிக்கக் கத்துக்கிட்டன்னு எழுதினேனே, அது?"

"ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்."

"தெரியாம எழுதிட்டேன்டா. முன்ன நீ எழுதினதெல்லாம் கணக்குல சேராதுன்னு எந்த வாயால சொன்னேன்?"

தம்பி தரையைத் தடவிச் சிதறிய பட்டன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். "நீ எழுதினது சரிதான். எனக்குப் படிக்கப் பிடிச்சதே இல்லக்கா. சின்ன வயசுலேர்ந்தே இல்ல. தூக்கம் தூக்கமா வரும்."

"அப்புறம் எதுக்கு இத்தன வருஷம் படிச்ச?"

"ஃபோன் பண்ணா நல்லா இருக்கியான்னு கேப்ப. நல்லா இருக்கேன்னா வச்சிடுவ. புத்தகம் படிச்சேன்னா ஒரு பக்கம் பேசுவ." பட்டன்களைக் கிண்ணத்தில் போட்டான். "உங்கிட்ட வேற எப்படிப் பேசறதாம்?"

 புத்தகத்தைத் தவிர அவனிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று மைக்கூடு தேடிப் பார்த்தார். எட்டு நோட்டு எழுதியவருக்கு ஒரு கேள்வி கிடைக்க அவ்வளவு நேரம் பிடித்தது.

"கண்ணு தெரியாம இந்தப் பட்டன எப்படிடா பிரிக்கிற?"

தம்பியின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அக்காவின் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் இரண்டு பட்டன்களை வைத்தான். "கண்ண மூடிக்கோ. ஏமாத்தாத. ஒண்ணுல ரெண்டு ஓட்ட, ஒண்ணுல நாலு. எது எதுன்னு சொல்லு."

மைக்கூடு கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். தப்பாகச் சொன்னார்.

"இல்லக்கா, மறுபடியும் பாரு" என்றான் தம்பி.