பஸ்ஸில் போன தாய்ப்பால்

அம்மனை நம்பி வந்திருக்கும் என் உறவுகளே, என் பிள்ளை என்னை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களைப் பற்றி இன்று சொல்கிறேன்.

நான் பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வாட்டு டாக்டர். போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு என் பிரசவ லீவும் முடிந்தது. மகளுக்கு அப்போது நான்கு மாதம். ஆஸ்பத்திரி தந்த என் கோட்டர்ஸில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கணவர் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அவருடைய அப்பா, என் மாமா, படுத்த படுக்கை; அவரை விட்டு அத்தையால் அசைய முடியாது. ஆகவே மகள் அத்தையிடம் அங்கே, நான் இங்கே.

வாட்டில் வேலைக்கு நடுவே, மருந்து அறையின் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சி எடுப்பேன். மறுநாள் காலை ஐஸ் பெட்டியில் வைத்து லுணுகலை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்; அங்கே கணவர் இறக்கிக்கொள்வார். பஸ் மறையும்வரை நிற்பேன். என் பால் பிள்ளையிடம் போகிறது. நான் போகவில்லை.

வாட்டில் எந்தப் பிள்ளை அழுதாலும் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மாரோட அணைச்சுப் பிடிங்க தங்கச்சி" என்று மற்றத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை லுணுகலைக்கு ஓடினேன். வழியில் பசறை தாண்டும்போதே மார்பு கனத்து வலித்தது. பிள்ளையைத் தூக்கி மார்பில் வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பி, உடம்பை வில்லாக வளைத்து வீரிட்டு அழுதாள். அத்தை போத்தலில் என் பாலையே கொடுத்ததும் அடங்கிவிட்டாள்.

"போத்தலுக்குப் பழகிருச்சும்மா. நீ மனசுல வச்சுக்காத" என்றார் அத்தை.

என் பால் வேண்டும், நான் வேண்டாம். இது ஏன் நடக்கிறது என்று டாக்டரான எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடுத்தடுத்துப் போனபோதும் அதேதான். வேலையை விட்டுவிடலாமா என்று நினைப்பேன். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து என்னைப் படிக்கவைத்த அம்மா அப்பாவின் முகம் வந்து நிற்கும்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்றேன். வழக்கமாக மனதுக்குள்தான் வேண்டுவேன். அன்று வாய் திறந்துவிட்டது.

"தாயே, எம்புள்ளய எங்கிட்ட குடுத்துரு. ஒரு தடவயாவது எங்கிட்ட பால் குடிக்கட்டும். வேற ஒன்னும் வேணாம்."

பூசாரி மணியை நிறுத்தியதுகூட எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். அவரிடம் நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சமாளிக்கிறேன் என்றே சொல்லி வந்தேன்.

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்று, "நான் லீவு போட்டுட்டு பாப்பாவோட பதுளைக்கு வர்றேன்" என்றார்.

"ஸ்கூல்?"

"சம்பளம் இல்லாத லீவு இருக்குல்ல. கேட்டுப் பாக்குறேன்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். நீ சாமிகிட்ட கேட்டது எங்காதுல விழுந்திருச்சு. இனிமே கேக்காத மாதிரி இருக்க முடியுமா?"

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. "ஆம்பள புள்ளய பாத்துக்கிட்டு வீட்ல இருக்கிறதா?" என்றார். ஆனாலும் புறப்படும் அன்று பிள்ளையின் துணிகளை அவரே மடித்து வைத்தார்.

கோட்டர்ஸில் குடும்பமாகத் தங்க முடியாததால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. மகள் மறுத்தாள். நான் வற்புறுத்தவில்லை. வேலை முடிந்து வந்து அவளை வெறும் மார்பில் போட்டுப் படுத்துக்கொள்வேன். அவள் சூடு போதும் என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தது. தூக்கக் கலக்கத்தில் அவள் வாயால் தேடினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிடித்தாள். குடித்தாள். தேநீரோடு உள்ளே வந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார். பேசாதீங்க என்று கையால் காட்டினேன். இருவரும் சத்தமில்லாமல் அழுதோம்.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. இன்னும் என்னிடம் குடிக்கிறாள். வேலைக்குத் திரும்பப்போகும் தாய்மார் என் வாட்டில் கலங்கும்போது, "வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அம்மன் என்னைக் கைவிடவில்லை. ஏக்கத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கும் சகோதரிகளே, அவள் முன்னால் வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நேரம் உங்கள் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.