மொண்டெல்லோவில் குடைகள் வரைந்த குளிர்காலம்

கணவர் வடக்கே பொலோஞ்ஞாவுக்கு வேலைக்குப் போன பிறகு, பலெர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் நாங்கள் இருந்த வாடகை அறையை விட்டுவிட்டேன். அதே பகுதியில் நான் வேலை செய்த, சிஞோரா என்று நான் கூப்பிடும் எசமானியம்மாவின் வீட்டில், குசினிக்குப் பின்னால் இருந்த சின்ன அறை எனக்குக் கிடைத்தது. கட்டிலும் ஓர் அலுமாரியும் போட்ட பிறகு நடப்பதற்குத்தான் கொஞ்சம் இடம் மிஞ்சியது. யன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

பலெர்மோவில் வேலை குறைந்துகொண்டு வந்த காலம் அது. கணவர் சமைத்த உணவகத்தை மூடிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. என்னால் உடனே போக முடியவில்லை. என் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பொலிஸ் கந்தோரான க்வெஸ்தூராவில் போய்க் கேட்டால் அடுத்த மாதம் வரச் சொல்வார்கள்.

மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வில், பொலோஞ்ஞா உணவகத்திலிருந்து கணவர் தொலைபேசி எடுப்பார்.

"சாப்பிட்டீரே?"

"ஓம். நீங்கள்?"

"இப்பதான் முடிஞ்சுது. கால் உளையுது."

"அப்ப கொஞ்சம் படுங்கோ."

"ஓம், நாளைக்குக் கதைப்பம்."

கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து நாங்கள் அதிகம் கதைத்துப் பழகியவர்கள் இல்லை. ஒரே அறையில் இருந்தபோது அது குறையாகத் தெரியவில்லை. அவர் சட்டை மாற்றும் சத்தம், தண்ணீர் குடிக்கும் சத்தம் என்று ஏதாவது காதில் விழுந்துகொண்டிருக்கும். தொலைபேசியில் அந்தச் சத்தங்கள் வரவில்லை.

சிஞோரா ஒரு விதவை, நல்ல மனுசி. ஆனால் எங்கள் பேச்சு வீட்டைத் தாண்டாது. இன்றைக்கு எந்த மீன், எந்த விரிப்பைத் தோய்க்க வேண்டும், மருந்து எடுத்தாயிற்றா. பிள்ளைகள் இல்லாதபடியால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தம்பி சாப்பிட வருவார். அவர் மொண்டெல்லோவில் ஒரு லீடோ நடத்தினார். கடற்கரை மணலில் குடையும் சாய்வுக் கதிரைகளும் போட்டு வாடகைக்குக் கொடுக்கும் இடம்.

ஒரு ஞாயிறு நான் கோப்பி கொண்டுபோனபோது, தம்பியார் போன கோடையைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தார். ஒரே குடையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இரண்டு பக்கமும் அம்மாமார் கத்த, இவர் நடுவில் நின்றாராம்.

"இணையத்தில் ஆட்களே பார்த்து இடம் பிடிக்கிற மாதிரிச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கோப்பித் தட்டுடன் நிற்பது நினைவுக்கு வந்தது.

"யார் செய்வது?" என்று அவர் கேட்டார்.

சிஞோரா சீனியைக் கலக்கியபடி, "இவள் யாழ்ப்பாணத்தில் கம்ப்யூட்டர் படித்தவள், கந்தோரிலும் வேலை செய்தவள். உனக்கு நான் சொல்லவில்லையா?" என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் எப்போதோ சொன்னதை அவர் மறக்காமல் வைத்திருந்தார்.

தம்பியார் என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, செய்து பார்ப்போம்" என்று சட்டைப் பையிலிருந்து லீடோக் கந்தோரின் திறப்பை எடுத்துத் தந்தார். அங்கேதான் கணினியும் இணையமும் இருந்தன.

வியாழன் பிற்பகலும் ஞாயிறு மேசை துடைத்த பிறகும் எனக்கு லீவு. அந்தக் குளிர்காலம் முழுக்க, லீவு கிடைத்தபோதெல்லாம் மொண்டெல்லோவுக்கு பஸ் ஏறினேன். வெறும் மணல். கோடையில் நிற்கும் மரக் கூடாரங்களைக் கழற்றிப் பலகைகளாக அடுக்கியிருந்தார்கள். கந்தோருக்குள் பாதி இடத்தைக் கதிரைகள் பிடித்திருந்தன. கதவின் கீழால் காற்று மணலைக் கொண்டுவந்து போடும். ஞாயிறுகளில் மட்டும் நகரத்துக் குடும்பங்கள் காரில் வந்து, மேலங்கி போட்டபடியே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு கரையோரம் நடப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுத நேரமில்லை. அதனால், பெட்டிகளையும் பொத்தான்களையும் திரையில் இழுத்து வைத்தாலே இணையச் செயலி ஆகிவிடும் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பெயர் கேட்கும் பெட்டி, திகதி தெரியும் பெட்டி எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கடற்கரையை வரைய ஒன்றும் இல்லை. வரிசை வரிசையாகக் குடைகளை வரைந்து, விரும்பிய குடையை ஆட்கள் தொட்டுப் பிடிக்க வேண்டும் என்றால், வெளியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றை, ஆயத்தமான நிரல்களின் தொகுப்பை, கொண்டுவர வேண்டும். படம் வரைவதற்கென்றே யாரோ எழுதி, எல்லோருக்கும் இலவசமாக விட்டிருந்த ஒரு லைப்ரரி கிடைத்தது. அதன் முகவரியைக் கருவியில் கொடுத்து, வட்டம் வரையும் அதன் ஃபங்ஷனை, அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டை, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்படி ஒன்று இல்லை என்று சிவப்பு எழுத்தில் பதில் வந்தது.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று பார்த்தேன். பிழை இல்லை. முகவரியைத் தனியே திறந்தால் லைப்ரரி அங்கே இருந்தது. வேறு வேறு விதமாகக் கூப்பிட்டுப் பார்த்து அந்த வியாழன் போயிற்று. அடுத்த முறை வந்தபோதுதான் விளங்கியது. லைப்ரரி வந்து இறங்கும் முன்னரே என் இணையப் பக்கம் அவசரப்பட்டு அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்த பிறகு கூப்பிடு என்று மாற்றி எழுதினேன். வெள்ளைத் திரையில் குடைக்கு ஒன்றாக நீல வட்டங்கள் கடலைப் பார்த்து வரிசையாக வந்து நின்றன.

"ஐயோ, வந்திட்டுது!" என்றேன்.

என் குரலே என்னைத் திடுக்கிட வைத்தது. முகம் பார்த்துத் தமிழில் கதைக்க ஆள் இல்லாமல் போனதிலிருந்து, நான் வாய்விட்டுக் கத்தியது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் அடுக்கி வைத்த கதிரைகள்.

பிறகு இன்னொரு சிக்கல். குடையைத் தொட்டால் லைப்ரரிக்குத் தெரிகிறது, கருவிக்குத் தெரியவில்லை. தொட்ட குடையின் இலக்கத்தைக் கருவியின் பெட்டிக்குள் போட்டேன். இலக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் சேமிக்கும்போது பெட்டி வெறுமை என்றது. கருவியைப் பாவிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கருத்துக்களத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன்.

அடுத்த முறை போனபோது பதில் இருந்தது. எழுதியவரின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்தின் படம். எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. உங்கள் நிரலின் அந்தப் பகுதியை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அனுப்பினேன். அப்படியே சில கிழமைகள் மாறி மாறி எழுதிக்கொண்டோம். ஒருமுறை அவர், "இவை உண்மையான குடைகளா?" என்று கேட்டார். கடற்கரையைப் பற்றி, இப்போது அங்கே ஒருவரும் இல்லை என்பதைப் பற்றி எழுதினேன். "இங்கே ஒரு கிழமையாக மழை. எனக்கும் ஒரு குடை பிடித்து வையுங்கள்" என்று பதில் வந்தது. சிஞோராவின் சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போது அதை நினைத்துச் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது, என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே போவேன்.

கடைசியில் வழியைச் சொன்னவரும் அவர்தான். பெட்டிக்குள் இலக்கத்தைப் போட்டால் மட்டும் போதாது, பெட்டி மாறிவிட்டது என்று கருவிக்கு அறிவிக்கவும் வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி. எழுதினேன், சேமித்தது.

கேள்வியின் கீழே, தீர்ந்தது என்று குறிக்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அந்த உரையாடல் பூட்டப்பட்டுவிடும், பிறகு ஒருவரும் அதில் எழுத முடியாது. நான் நன்றி மட்டும் எழுதி, பொத்தானை விட்டுவிட்டேன். அடுத்த வியாழனும் விட்டேன். "வேலை செய்கிறதா? செய்தால் மூடிவிடுங்கள், மற்றவர்களுக்கு உதவும்" என்று அவர் எழுதினார். அது நியாயம்தான். அழுத்தினேன். பக்கம் சாம்பல் நிறமாக மாறியது. கணினியை அணைத்துவிட்டு வெளியே போய், பஸ் வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்குனியில் பெர்மெஸ்ஸோ வந்தது. ஆனால் பொலோஞ்ஞாவில் கணவர் இரண்டு பேருடன் ஓர் அறையில் இருந்தார். தனி அறை கிடைக்கட்டும், கோடை முடியட்டும் என்று இருவரும் தள்ளிப்போட்டோம். வெயில் வந்தது. கூடாரங்கள் எழும்பின, மணலில் குடைகள் விரிந்தன. ஆட்கள் வீட்டிலிருந்தே இடம் பிடித்தார்கள். சிஞோராவின் தம்பி சந்தோசப்பட்டு, ஞாயிறுகளில் எனக்கும் இனிப்பு வாங்கி வரத் தொடங்கினார்.

ஆவணியில் ஒரு ஞாயிறு காலை தம்பியார் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"குடைகளைக் காணவில்லை!"

காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். யன்னலைத் திறந்து பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரில் கட்டிய கொடியில் துணி அசையாமல் கிடந்தது.

"எல்லாம் மணலில்தான் நிற்கின்றன. கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், வா!"

சிஞோரா, "போ, நான் ரொட்டி சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்றார். கடலுக்குப் போகிறவர்களால் நெரிந்த பஸ்ஸில், ரப்பர் மிதவைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன். கந்தோருக்கு முன்னால் தொப்பி போட்ட கூட்டம். உள்ளே திரையில் நீல வட்டம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று இல்லை என்று மறுபடியும் சிவப்பு எழுத்து. இந்த முறை காரணம் வேறாக இருந்தது. லைப்ரரி வந்து இறங்கித்தான் இருந்தது, ஆனால் அதை எழுதியவர்கள் புதிய பதிப்பு வெளியிட்டு, நான் கூப்பிட்ட ஃபங்ஷனின் பெயரை மாற்றிவிட்டார்கள். எப்போதும் புதியதையே கொண்டுவரும் முகவரியை நான் கொடுத்திருந்தேன். அது சொன்னபடி புதியதைக் கொண்டுவந்திருந்தது.

அந்த மரத்துக்காரரைக் கேட்கலாம் என்று பழைய உரையாடலைத் திறந்தேன். பூட்டியிருந்தது. புதிதாக எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூட்டம் விடாது. தேடிப் பார்த்ததில் பழைய பதிப்பு இன்னும் வேறு முகவரியில் இருந்தது. அதை இறக்கி எங்கள் பக்கத்துடனேயே ஒரு பிரதியாக வைத்து, அதைக் கூப்பிடும்படி மாற்றினேன். வட்டங்கள் வந்தன. தம்பியார் என் தோளில் தட்டிவிட்டு வாசலுக்குப் போய், இலக்கங்களைச் சத்தமாகக் கூப்பிடத் தொடங்கினார். ஆட்கள் தங்கள் இலக்கத்தை வாங்கிக்கொண்டு மணலுக்கு ஓடினார்கள்.

"உட்கார், சாப்பிடு" என்று அவர் ஒரு தட்டில் பாஸ்தா கொண்டுவந்து வைத்தார். வெளியே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். நடந்ததை யாருக்காவது முழுதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. தம்பியாருக்குக் குடைகள் திரும்பி வந்ததே போதும். கணவருக்கு எடுத்தேன். ஞாயிற்று மத்தியான அவசரம், அவர் எடுக்கவில்லை. ஓய்வு கிடைத்ததும் அவரே எடுத்தார்.

"என்ன, அவசரமோ?"

"இல்லை. இஞ்சை ஒரு விசயம் நடந்தது. சொல்ல ஆள் இல்லை."

அவருக்குப் பின்னால் யாரோ சட்டி கழுவும் சத்தம் கேட்டது.

"சொல்லுமன்."

"போனிலை சொல்ல ஏலாது. நான் அங்கை வரட்டே?"

"தனி அறை இன்னும் கிடைக்கேல்லை."

"கிடைக்கிறது எவ்வளவு சின்னனெண்டாலும் பரவாயில்லை."

மறுபடியும் சட்டிச் சத்தம். பிறகு, "அப்ப வாரும். நான் நாளைக்கே தேடுறன்" என்றார்.

லீடோ மூடிய பிறகு, ஐப்பசியில் புறப்பட்டேன். செயலியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தம்பியாரின் மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். சிஞோரா வழிக்கு ஆரஞ்சுப் பழங்கள் தந்து, கதவு வரை வந்தார். தீவிலிருந்து பெருநிலத்துக்கு, ரயிலைக் கப்பலில் ஏற்றி நீரிணையைக் கடத்தியபோது, எல்லோரும் மேல்தட்டுக்குப் போனார்கள். நான் பெட்டியிலேயே இருந்தேன்.

கணவர் பிடித்து வைத்திருந்த அறை உண்மையிலேயே சின்னது. முதல் கிழமை இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தோம். அவருடைய லீவு நாள் பிற்பகலில், தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"அண்டைக்கு என்னவோ நடந்தது எண்டீர்."

சொன்னேன். கருவி, லைப்ரரி, கூப்பிட்டபோது வராதது, மரத்துக்காரர், பெயர் மாறியது எல்லாம்.

"விளங்குதே?" என்று கேட்டேன்.

"விளங்கேல்லை. அந்த மரத்துக்காரருக்கு நீர் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியாது."

அவர் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டிப் படுத்தார். "இன்னொருக்கா முதலிலையிருந்து சொல்லும்" என்றார்.

முதலிலிருந்து தொடங்கினேன். வட்டங்கள் வந்து நின்ற இடத்தில் அவர் தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, முடியும்வரை சொன்னேன்.