சுதன் அழித்த பறவைகள்

போன சனிக்கிழமை காலை சுதன் போன் எடுத்தான். சுதன் என் மனைவியின் தம்பி. பியர்பொன்ட்ஸில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறான்.

"அத்தான், மத்தியானம் என்னோட ஒருக்கா இல்-பிசாருக்கு வாறியளே?"

"ஏன், கார் பழுதோ?"

"கார் நல்லாத்தான் இருக்கு. தனியப் போக ஏலாமக் கிடக்கு."

நாற்பதைத் தாண்டியவன். பேய்ப்படம் என்றால் சோறு தண்ணி இல்லாமல் பார்ப்பவன். அவனுக்குப் பட்டப்பகலில், ஒரு பாலம் தாண்டினால் வந்துவிடுகிற தீவுக்குத் தனியாகப் போகப் பயமாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை... சரி, வருகிறேன் என்றேன்.

சுதனின் வேலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அனிமேஷன் படங்களுக்கு 'கிளீன்-அப்' செய்கிறான். அதாவது, படத்தில் எங்காவது தூசு, புள்ளி, தேவையில்லாத கோடு இருந்தால் கண்டுபிடித்து அழிப்பது. வீட்டிலும் ஆள் அப்படித்தான். விருந்துக்கு வந்தால், மேசை விரிப்பில் யாரோ சிந்திய குழம்பைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். என் மனைவிக்கு அதில் பெருமை. எனக்கு எரிச்சல்.

சில மாதங்களாக அவன் மதாம் லின் என்ற சீனப் பெண்மணியிடம் வேலை செய்கிறான். ஸ்டூடியோ என்று பெரிதாக ஒன்றுமில்லை - இல்-பிசாரில் அவருடைய வீட்டு பேஸ்மென்ட்தான். சீனத்து மை ஓவியம் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைத் தாள், கறுப்பு மை, ஒரு தூரிகை. அந்த ஓவியத்தையே அசைய வைக்கும் படம் அங்கே தயாராகிறது. மூடுபனியில் ஒரு கிழவர் படகு வலித்து ஆற்றைக் கடக்கிறார். அவ்வளவுதான் கதை.

காரில் போகும்போது சுதன் விளக்கினான். முன்பெல்லாம் இதை முழுக்க முழுக்கக் கையால் செய்தார்களாம். அந்தத் தாள் மையைக் குடிக்கும். வைத்த புள்ளி வைத்ததுதான், அழிக்க முடியாது. இரண்டு தாளில் மை ஒரே மாதிரி ஊறவும் மாட்டாது. அதனால் ஒரே உருவத்தை மெல்லிய மை, நடுத்தர மை, கடும் மை என்று பிரித்துத் தனித்தனிக் கண்ணாடித் தாள்களில் தீட்டி, எல்லாவற்றையும் ஒரே ஃபிரேமில் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பார்களாம். கமராவைக் கொஞ்சம் கலங்கலாக வைத்தால் மை ஊறியது போலத் தெரியும். ஒரு நிமிடப் படத்துக்கு மாதக்கணக்கில் வேலை!

பிறகு ஸ்கேனர் வந்தது. பிறகு, தாள் மையைக் குடிப்பது போலவே நடிக்கிற மென்பொருள் வந்தது. இப்போது? ஓர் ஓவியரின் படங்களைக் கொடுத்தால் போதும். ஏ.ஐ. அவருடைய கைவாகைப் படித்துக்கொண்டு மிச்சத்தைத் தானே வரைந்துவிடுகிறது.

மதாம் லின் அதற்குக் கொடுத்தது தன் கணவரின் படங்களை. படம் முடிகிற நேரத்தில் மனுசன் மாரடைப்பில் போய்விட்டார். ஆற்றைக் கடக்கும் கடைசிக் காட்சி மட்டும் மிச்சம். அதை மென்பொருள் வரைந்தது. சுதன் துப்புரவு செய்தான்.

"வரைஞ்சது திறம், அத்தான். ஆனா ஒரு பழுது. வெறும் வானத்தில ஒரு மைச்சொட்டு விழும். ரெண்டு பக்கமும் சின்னச் செட்டை. ஒரேயொரு ஃபிரேமிலதான். கண் வெட்டி முழிக்கிறதுக்குள்ள போயிடும்."

"பறவையோ?"

"பறவை மாதிரி. ஆனா எனக்கு அது ஊத்தை தானே? அழிச்சுப்போட்டன். பேந்து வேற இடத்தில வரும். அதையும் அழிப்பன்."

இதை ஒருநாள் தேநீர் குடிக்கும்போது மதாமிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் மென்பொருள் வானத்தில் பறவை மாதிரிக் கறை போடுகிறது, கவலைப்படாதீர்கள், ஒன்று விடாமல் துடைத்துவிட்டேன் என்று. கோப்பையை வாய்வரை கொண்டுபோன மதாம் லின், அதைக் குடிக்கவும் இல்லையாம், கீழே வைக்கவும் இல்லையாம்.

விஷயம் இதுதான். கணவர் வரையும்போது சிலவேளை தூரிகையிலிருந்து மை சொட்டிவிடும். வேறு ஆளாக இருந்தால் திட்டிக்கொண்டே தாளைக் கசக்குவார். இவர் அந்தச் சொட்டுக்கு இரண்டு சிறகு வைத்து, மனைவியிடம் தூக்கிக் காட்டி, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கசக்குவாராம். படத்துக்கு உதவாத தாள் அல்லவா? அதனால் அப்படி ஒரு தாள்கூட ஸ்கேனர் பக்கம் போனதில்லை. எல்லாமே குப்பைக்குப் போனவை.

அப்படியானால் மென்பொருள் அதை எங்கே படித்தது?

காரில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. நான் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"அழிச்சதைத் திருப்பி எடுக்க ஏலாதோ?"

"துடைச்சதைப் பழைய ஃபைலுக்கு மேலயே சேவ் பண்ணிட்டன், அத்தான். பழசு போயிட்டுது." "திரும்பவும் ஓட விடச் சொன்னவ. எத்தினையோ தரம் விட்டுப் பாத்தம். ஒண்டும் வரேல்லை. நான் அழிக்க அழிக்க அது படிச்சிட்டுது. இஞ்சை பறவை கீறக் கூடாது எண்டு நான்தான் அதுக்குப் பழக்கிவிட்டனான்."

திங்கட்கிழமை படத்தை விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு முன் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று மதாம் லின் தினமும் படியிறங்கி வருவாராம். "இன்றைக்கு?" என்று மட்டும் கேட்பாராம். இவன் தலையாட்டுவானாம், இல்லை என்று.

"அதான்... நேற்று நானே ஒண்டு கீறி வைச்சிட்டன்."

பொய்தான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன். நீங்கள்?

மதாம் லின் சின்ன உருவம். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. "போன்ஜூர்" என்று வரவேற்று, கூடத்தில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறு உறைந்து அதன்மேல் பனி கிடந்தது. வானமும் அதே நிறம். அக்கரையைக் காணவில்லை. மை ஓவியத்தில் தண்ணீரையும் பனியையும் வரைய மாட்டார்களாம் - தாளை வெறுமையாக விட்டால் அதுதான் தண்ணீர், அதுதான் பனி. வெளியிலும் யாரோ அப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

படம் ஓடத் தொடங்கியது. இசை இன்னும் சேர்க்கவில்லை. சத்தமே இல்லாமல் படகு வந்தது. துடுப்புப் பட்ட இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் கோடு, மற்றதெல்லாம் வெள்ளை. வலது மேல் மூலையில் ஒரு கறுப்பு... வந்தது, போய்விட்டது. சுதன் முழங்கையால் என்னை இடித்தான். அதுதான் அவன் வைத்தது என்று புரிந்துகொண்டேன்.

படகு நடு ஆற்றுக்கு வந்தது. கிழவரின் தலைக்கு மேலே, இடது பக்கத்தில், இன்னொரு கறுப்பு.

அட, இரண்டு போட்டிருக்கிறானே! கெட்டிக்காரன்தான் என்று நினைத்தேன்.

மதாம் லின் படத்தை நிறுத்தினார். பின்னால் ஓட்டி முதல் பறவையில் வைத்தார். "இது உங்களுடையது, சுதன்" என்றார் ஆங்கிலத்தில். கோபமே இல்லை. "இரண்டு சிறகும் ஒரே அளவு. மிகவும் ஒழுங்கான பறவை. நன்றி."

சுதன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் இரண்டாவதற்குப் போனார். திரையில் அது உறைந்து நின்றது. சொட்டு வட்டமாக இல்லை, ஒரு பக்கம் ஊறியிருந்தது. ஒரு சிறகு குட்டை. மற்றது அவசரத்தில் இழுத்தது. மதாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனார். பிறகு அந்தப் பறவையைப் பார்த்துச் சீன மொழியில் ஏதோ சொன்னார். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் சாப்பாடு ஆறிய பிறகு வீட்டுக்கு வருகிற புருஷன்மார் வாங்கும் ஏச்சு எந்த மொழியிலும் ஒன்றுதான், எனக்கு நல்ல பழக்கம். ஏசிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சுதனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

திரும்பி வரும்போது பாலத்தைத் தாண்டினோம். பிறகு சொன்னான்.

"நான் ஒண்டுதான் கீறினனான், அத்தான்."

பழையது ஏதாவது உன் கண்ணில் படாமல் தப்பியிருக்கும் என்றேன். மென்பொருள் மறந்ததைத் திரும்ப நினைத்திருக்கும் என்றேன். கம்ப்யூட்டர் தெரிந்தவன் போல இன்னும் என்னென்னவோ சொன்னேன். "ஓம், இருக்கும்" என்றான். அவனுக்காகச் சொன்னேனா, எனக்காகவா? தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கையால் வரைந்த காலத்தில் தவறு தாளோடு குப்பைக்குப் போனது. இப்போது தவறே இல்லாமல் வரைய மெஷினைப் பழக்குகிறோம். நல்லதுதான். ஆனால் ஒரு மனுசனை அவன் மனைவி அடையாளம் காண்பது, அவன் சரியாகச் செய்தவற்றை வைத்தா?

படம் திங்கட்கிழமை இரண்டு பறவைகளோடும் போய்விட்டது. சுதனுக்கு அந்த பேஸ்மென்டில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. இப்போது தனியாகத்தான் போய் வருகிறான். பயமெல்லாம் போய்விட்டதாம்.

பக்கத்தில் காலியாகக் கிடக்கிற, மதாம் லின்னின் கணவர் உட்கார்ந்து வரைந்த கதிரையில் கோட்டைக் கழற்றிப் போடுவதை மட்டும் நிறுத்திவிட்டானாம்!